அடிக்காத அவுட்ஃபீல்டரை வைத்திருக்கலாமா? – பேஸ்பால் கேள்வி-பதில்

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர்: என் பிள்ளைகளில் ஒருவன் டல்லாஸிலும் ஒருத்தி சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். பங்காளி வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு பன்னிரண்டு பேராக ஒரு ஃபேன்டசி பேஸ்பால் லீக் (உண்மையான ஆட்டக்காரர்களை ஆளுக்குச் சிலராக எடுத்துக்கொண்டு, அவர்கள் உண்மை ஆட்டத்தில் பெறும் எண்ணிக்கைகளைக் கூட்டிப் போட்டியிடும் விளையாட்டு) நடத்துகிறோம். ஒவ்வோர் அணியிலும் ஐந்து அவுட்ஃபீல்டர்கள் (மைதானத்தின் வெளிப்பகுதியில் நின்று பந்தைத் தடுப்பவர்கள்). என்னுடைய அவுட்ஃபீல்டர் ஒருவரின் பேட்டிங் சராசரி (மட்டை பிடித்த முறைகளில் எத்தனை பங்கு ஹிட், அதாவது அடித்துவிட்டுப் பேஸைச் சேர்ந்தது, என்ற கணக்கு) இரண்டு மாதமாக 0.200க்குக் கீழேயே கிடக்கிறது. "விட்டுவிடுங்கள் அப்பச்சி" என்கிறான் மகன். எனக்கு மனம் வரவில்லை. விடலாமா?

பதில்: சராசரியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், ஐயா. அவருடைய கிளப் அவரை இன்னும் நாள்தோறும் களத்தில் இறக்குகிறதா என்பதை முதலில் பாருங்கள். ஃபேன்டசியில் நமக்கு வரும் ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது), ரன், ஆர்.பி.ஐ. (தம் அடியால் அணிக்கு வந்த ரன்கள்), ஸ்டோலன் பேஸ் (அடி விழாமலே அடுத்த பேஸ் எனும் முனைக்கு ஓடிச் சேர்வது) எல்லாம் அவர் மட்டை பிடிக்கப் போகும் வாய்ப்புகளிலிருந்தே வருகின்றன. வாய்ப்பு தொடர்கிற வரையில் அவர் மீள்வதற்கு இடம் இருக்கிறது. வாய்ப்பு சுருங்கிவிட்டால், மீண்டாலும் நமக்கு அதனால் பயன் இல்லை.

2025 சீசனில் அட்லாண்டா பிரேவ்ஸ் கிளப்பின் இரண்டு அவுட்ஃபீல்டர்களுக்கு நேர்ந்ததை அருகருகே வைத்துப் பார்த்தால் இது நன்கு விளங்கும். ஒருவர் மைக்கேல் ஹாரிஸ். 2022இல், அமெரிக்க மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே கிளப் அவருடன் 8 ஆண்டுகளுக்கு 7.2 கோடி டாலர் ஒப்பந்தம் செய்துகொண்டது. மற்றவர் ஜாரெட் கெலெனிக். 2018இல் கிளப்புகள் புதியவர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில் ஆறாவதாக எடுக்கப்பட்டு, பெரிதும் எதிர்பார்க்கப்பட்டு, சியாட்டில் வழியாக அட்லாண்டாவுக்கு வந்து சேர்ந்தவர். 2025இல் இருவருமே தடுமாறினார்கள். கெலெனிக் 24 ஆட்டங்களில் 0.167 என்ற சராசரியோடு நின்றபோது, ஏப்ரல் மாதம் முடிவதற்குள் கிளப் அவரை மைனர் லீகுக்கு (மேஜர் லீகுக்குக் கீழுள்ள லீக்) அனுப்பிவிட்டது. ஹாரிஸோ சீசனின் முதல் பாதி முழுவதும் 0.210ஐ ஒட்டியே உழன்றார். இருந்தும் அவரை யாரும் உட்கார வைக்கவில்லை. இரண்டாம் பாதியில் அவர் மட்டை திரும்பியது. சீசன் முடிந்தபோது 20 ஹோம் ரன்களும் 20 ஸ்டோலன் பேஸ்களும் அவர் கணக்கில் இருந்தன. ஜூன் மாதத்தில் பொறுமையிழந்து அவரை விட்டவர்கள், அந்த இரண்டாம் பாதியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

இருவருக்கும் இவ்வளவு வேறுபாடு ஏன்? ஹாரிஸ் சென்டர் ஃபீல்டில் நிற்பவர். நடுவில் நின்று இருபுறமும் ஓடிப் பந்தைப் பிடிப்பவருக்கு மாற்று ஆள் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே மட்டை ஓய்ந்திருந்தாலும் கையுறைக்காகவே அவர் களத்தில் இருந்தாக வேண்டும். நீண்ட ஒப்பந்தமும் கிளப்பின் பொறுமையை நீட்டியது. கெலெனிக் பெரும்பாலும் இடது, வலது ஓரங்களில் நின்றவர். அங்கே நிற்பவர் அடித்தே தம் இடத்தைக் காக்க வேண்டும். தவிர, 2024இல் அவர் 131 ஆட்டங்கள் ஆடியதற்கே ஒரு காரணம், மே மாத இறுதியில் அதே கிளப்பின் வலது ஓர ஆட்டக்காரர் ரோனால்ட் அகூன்யாவின் முழங்கால் தசைநார் கிழிந்து அவர் மீதிச் சீசன் முழுவதையும் இழந்ததுதான். பிறருடைய காயத்தால் கிடைத்த வாய்ப்பு, அந்தக் காயம் ஆறும் நாள் நெருங்கும்போது போய்விடும். 2025 மே மாதத்தில் அகூன்யா திரும்பினார். அதற்குள் கிளப் இடது ஓரத்துக்கு வேறு ஆளையும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆகவே உங்கள் ஆட்டக்காரர் எந்த இடத்தில் நிற்கிறார், அவருக்குப் பின்னால் யார் காத்திருக்கிறார்கள், காயம்பட்டு வெளியே இருக்கும் எவரேனும் விரைவில் திரும்பப்போகிறார்களா என்பதைத் தேடிப் பாருங்கள். அதோடு, ஆடும் வரிசையில் அவர் எத்தனையாவதாக இறங்குகிறார் என்பதையும் கவனியுங்கள். ஓர் ஆட்டத்தின் கடைசி அவுட் ஒன்பது பேரில் எவரிடமும் விழலாம் என்று வைத்துக்கொண்டால், வரிசையில் ஓர் இடம் கீழே இறங்குபவர் ஒன்பது ஆட்டத்துக்கு ஒருமுறை ஒரு வாய்ப்பை இழக்கிறார். சீசனில் 162 ஆட்டங்கள். 162ஐ 9ஆல் வகுத்தால் 18. இரண்டாவதாக இறங்கிக்கொண்டிருந்தவர் எட்டாவதாக இறங்கத் தொடங்கினால், முழு சீசனுக்குக் கணக்கிடும்போது 108 வாய்ப்புகள் போகின்றன. அத்துடன் அவருக்கு முன்னால் பேஸில் நிற்பவர்களும் நன்றாக அடிக்கிற ஆட்டக்காரர்களாக இருக்க மாட்டார்கள், ஆர்.பி.ஐ.யும் குறையும். பெஞ்சில் உட்கார வைப்பதற்கு முன் கிளப்புகள் பெரும்பாலும் முதலில் செய்வது இப்படி வரிசையில் இறக்குவதைத்தான்.

உங்கள் லீகின் அளவும் இதில் சேரும். 30 கிளப்புகளிலும் சேர்த்து, தொடக்கத்திலேயே களமிறங்கும் அவுட்ஃபீல்டர் இடங்கள் 90. உங்கள் பன்னிரண்டு அணிகளில் மட்டும் 60 பேர் போய்விடுகிறார்கள். பெஞ்சில் வைத்திருப்பவர்களையும் கழித்தால் வெளியே மிஞ்சுவோர் சொற்பம், அவர்களில் பலர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆடுபவர்கள். நாள்தோறும் ஆடும் ஒருவரை விட்டுவிட்டு அந்த மிச்சத்திலிருந்து ஒருவரை எடுப்பது உங்களுக்கு இழப்பாகவே முடியும். பத்து அணிகள், அணிக்கு மூன்று அவுட்ஃபீல்டர்கள் என்ற அமைப்பாக இருந்திருந்தால் 30 பேர்தான் போயிருப்பார்கள். அங்கே நான் உங்கள் மகன் பக்கம் நின்றிருப்பேன்.

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி: அமெரிக்காவில் இருக்கும் என் பேரன் இந்த ஆட்டத்தில் மூழ்கிக் கிடக்கிறான். அவன் வைத்திருக்கும் ஆட்டக்காரர் பந்தைப் பாய்ந்து பிடிப்பதைப் பார்த்தால் எனக்கே உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் "அதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது ஆயா" என்கிறான். இது நியாயமா?

பதில்: ஆச்சி, உங்கள் கேள்வியில் உள்ள வருத்தம் எனக்கும் உண்டு. இந்த ஆட்டம் 1980இல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரெண்ட் என்ற எழுத்தாளரும் அவருடைய நண்பர்களும் தொடங்கியது. அவர்கள் கூடிப் பேசிய உணவகத்தின் பெயரால் ரோட்டிஸரி பேஸ்பால் என்ற பெயர் வந்தது. உண்மையான ஆட்டக்காரர்களை ஆளுக்குச் சிலராக ஏலத்தில் எடுத்துக்கொள்வது, அவர்கள் உண்மை ஆட்டத்தில் பெறும் எண்ணிக்கைகளைக் கூட்டி எந்த அணி முந்துகிறது என்று பார்ப்பது, இதுதான் விளையாட்டு. செய்தித்தாளில் அச்சாகும் புள்ளிகளைக் கொண்டு கையால் கணக்குப் போட வேண்டிய காலம் அது. மட்டை பிடிப்பவருக்கு பேட்டிங் சராசரி, ஹோம் ரன், ஆர்.பி.ஐ., ஸ்டோலன் பேஸ் என்று நான்கை வைத்தார்கள்; பின்னர் ரன் ஐந்தாவதாகச் சேர்ந்தது. பாய்ந்து பிடித்த பந்தை எண்ணிச் சொல்லும் எளிய கணக்கு அன்று இல்லை. பழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது.

ஆனால் அந்தக் கையுறைக்கு மறைமுகமாக ஒரு மதிப்பு இருக்கிறது என்று பேரனிடம் சொல்லுங்கள். ஜாக்கி பிராட்லி ஜூனியர் என்ற சென்டர் ஃபீல்டர் 2014இல் பாஸ்டனுக்காக 127 ஆட்டங்கள் ஆடினார், சராசரி 0.198, ஹோம் ரன் ஒன்றே ஒன்று. வேறொருவராக இருந்தால் அந்தச் சராசரியோடு 40 ஆட்டங்களைத் தாண்டியிருக்க முடியாது. பந்து மட்டையில் படும் ஓசைக்கே ஓடத் தொடங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு சுவரை நோக்கி விரைந்து, கடைசிக் கணத்தில் தலையைத் திருப்பிப் பிடிக்கும் அந்த ஆற்றல்தான் அவரைக் களத்தில் வைத்திருந்தது. அப்படிக் காத்திருந்ததன் பலனாக 2018இல் அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் 9 ஆர்.பி.ஐ. எடுத்து அத்தொடரின் சிறந்த ஆட்டக்காரராக அவர் தேர்வானார். அதே ஆண்டு சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்டு குளோவ் விருதும் பெற்றார்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. நன்றாகத் தடுப்பதால் நாள்தோறும் ஆடுகிறார், ஆனால் அடிப்பதில்லை என்றால், அவருடைய தாழ்ந்த சராசரி முழு எடையோடு நம் அணியின்மேல் விழும். ஓர் அணியில் மட்டை பிடிப்பவர் 14 பேர், ஆளுக்கு 500 வாய்ப்பு, மொத்தம் 7,000 என்று வையுங்கள். எல்லோரும் 0.260 அடிக்கையில் ஒருவர் மட்டும் 0.200 அடித்தால் அணியின் சராசரி 0.004க்கு மேல் சரிகிறது. நெருக்கமான லீகில் அது சில இடங்களைக் கீழே தள்ளப் போதுமானது. அதே ஆட்டக்காரர் 150 வாய்ப்பு மட்டுமே பெற்றிருந்தால் சரிவு 0.001க்குச் சற்று மேலோடு நின்றிருக்கும். 2021இல் மில்வாக்கிக்காக 134 ஆட்டங்களில் 0.163 அடித்த பிராட்லியை வைத்திருந்தவர்கள் பட்ட பாடு இதுதான். எனவே கையுறையால் ஆடுபவரிடம், சராசரி போனாலும் ஸ்டோலன் பேஸோ ஹோம் ரனோ வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லாதவரை, எவ்வளவு அழகாகப் பிடித்தாலும், பேரன் ரசிகனாக மட்டும் பார்ப்பது நல்லது.

பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகர்: மைனர் லீகுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால் வேலை போய்விட்டது என்று பொருளா? திரும்பி வருவார் என்று காத்திருக்கலாமா?

பதில்: வேலை போகவில்லை. ஒவ்வொரு கிளப்பும் சீசனின் பெரும்பகுதியில் 26 பேரை மட்டுமே மேஜர் லீக் பட்டியலில் வைத்திருக்க முடியும். செப்டம்பரில் அது 28 ஆகிறது. ஓர் ஆட்டக்காரரை மூன்று சீசன்கள் வரை, பிற கிளப்புகளிடம் அவரை இழக்கும் அபாயம் இல்லாமல், மைனர் லீகுக்கு அனுப்பி மீண்டும் அழைத்துக்கொள்ளும் உரிமை கிளப்புக்கு இருக்கிறது. இதைத்தான் 'ஆப்ஷன்' என்கிறார்கள். 2022 முதல், ஒரே சீசனில் ஒருவரை ஐந்து முறைக்குமேல் இப்படி அனுப்ப முடியாது. மட்டை பிடிப்பவர் அனுப்பப்பட்டால் குறைந்தது 10 நாள் அங்கே இருக்க வேண்டும். வேறொருவருக்குக் காயம் ஏற்பட்டு அவரிடத்தில் அழைக்கப்பட்டால் மட்டும் விலக்கு உண்டு.

ஃபேன்டசி ஆடுபவர் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஆப்ஷன் மிச்சமிருப்பவர் தடுமாறினால் கிளப்புக்கு அவரை அனுப்புவதில் தயக்கம் இருக்காது. ஆப்ஷன் தீர்ந்தவரை அனுப்ப வேண்டுமானால், முதலில் பிற கிளப்புகள் அவரை எடுத்துக்கொள்ள வாய்ப்பளிக்க வேண்டும். யாரேனும் எடுத்துக்கொண்டால் இவர்களுக்கு ஆள் போச்சு. ஆகையால் ஒரே மாதிரி அடிக்கும் இருவரில் ஆப்ஷன் தீர்ந்தவரே அதிக நாள் நீடிப்பார், பெஞ்சிலாவது இருப்பார். அனுப்பப்பட்டவருக்காகப் பொதுவான லீகில் காத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆட்டக்காரர்களை ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்து வைத்துக்கொள்ளும் லீகாக இருந்து, அவருக்கு வயதும் 25க்குள் இருந்தால் மட்டும் ஓர் இடத்தை ஒதுக்கலாம்.

கோட்டையூரிலிருந்து ஒரு வாசகர்: தடுமாற்றம் கெட்ட நேரத்தால் வந்ததா, ஆட்டமே போய்விட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நல்ல கேள்வி, விரிவாகவே சொல்ல வேண்டும்.

மட்டையில் பட்டு, மைதானத்துக்குள்ளேயே விழும் பந்துகளில் எத்தனை ஹிட் ஆகின்றன என்று ஒரு கணக்கு உண்டு. ஸ்ட்ரைக்அவுட்டையும் (பந்தைச் சரியாக அடிக்க முடியாமல் மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது) ஹோம் ரனையும் நீக்கிவிட்டு மிச்சத்துக்குப் போடும் சராசரி அது, பேபிப் என்பார்கள். மேஜர் லீக் முழுவதற்கும் அது ஆண்டுதோறும் 0.300ஐ ஒட்டியே இருக்கிறது. ஒருவருக்கு வழக்கமாக 0.310 இருந்து, இந்த இரண்டு மாதத்தில் 0.220 ஆகியிருந்தால், அவர் அடித்த பந்துகள் தடுப்பவர்களின் கைக்கே நேராகப் போயிருக்கக்கூடும். காலப்போக்கில் அது சரியாகும். ஆனால் பேபிப்பை மட்டும் நம்பி ஆறுதல் அடையக் கூடாது. அடிக்கும் வேகமே குறைந்துபோனவருக்கும் பேபிப் குறையும். 2015 முதல் 30 மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் என்ற கருவி அமைப்பு, மட்டையை விட்டுப் பந்து கிளம்பும் வேகத்தை அளக்கிறது. மணிக்கு 95 மைலோ அதற்கு மேலோ கிளம்பினால் வலுவான அடி என்று கணக்கு. வலுவான அடிகளின் பங்கு முன்போலவே இருந்து, ஸ்ட்ரைக்அவுட்டும் கூடாமல், சராசரி மட்டும் விழுந்திருந்தால் காத்திருங்கள். ஸ்ட்ரைக்அவுட் கூடி, அடியின் வேகமும் குறைந்திருந்தால் கெட்ட நேரம் என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை.

அப்போதும் ஏன் குறைந்தது என்று கேட்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் கிளப்பில் ஆடிய காடி பெல்லிஞ்சரின் கதை இதற்கு நல்ல பாடம். 2019இல் 47 ஹோம் ரன், 0.305 சராசரி, நேஷனல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. 2020 அக்டோபரில் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஹோம் ரன் அடித்துவிட்டு, சக ஆட்டக்காரர் என்ரிக்கே எர்னாண்டஸுடன் மகிழ்ச்சியில் எகிறிக் குதித்துக் கையோடு கை மோதினார். வலது தோள் மூட்டு விலகிவிட்டது. சீசன் முடிந்ததும் அறுவை சிகிச்சை. அடுத்த ஆண்டு காலிலும் காயம். 2021இல் 95 ஆட்டங்களில் அவருடைய சராசரி 0.165, 2022இல் 0.210. அந்த ஆண்டு இறுதியில் டாட்ஜர்ஸ் கிளப் அவரை விட்டுவிட்டது. சிகாகோ கப்ஸ் ஓராண்டுக்கு எடுத்துக்கொண்டது, 2023இல் 0.307, 26 ஹோம் ரன், 20 ஸ்டோலன் பேஸ். உடல் தேறியதும் ஆட்டம் திரும்பியது. 27 வயதுக்காரருக்குத் தோள் காரணம் என்றால் ஃபேன்டசியிலும் அடுத்த சீசனில் மலிவாக எடுக்கலாம். 34 வயதுக்காரருக்குக் காயம் ஏதுமின்றியே அடியின் வேகம் குறைந்தால் அது வயது. அதற்கு மருந்து கிடையாது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, 2021, 2022 இரண்டு ஆண்டுகளிலும் டாட்ஜர்ஸ் அவரை ஒரேயடியாக உட்கார வைத்துவிடவில்லை என்பது. உடல்நிலை அனுமதித்தபோது பெரும்பாலான நாள் சென்டர் ஃபீல்டில் நின்றார். 2022இல் 0.210 அடித்தவருக்கு 19 ஹோம் ரன் வந்தது அந்த வாய்ப்புகளால்தான். சராசரியைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் அந்த 19ஐ மறந்துவிடுகிறார்கள்.

புதுவயலிலிருந்து ஒரு வாசகர்: காலையில் எழுந்து பார்த்தால் என் ஆட்டக்காரர் அன்று ஆடவே இல்லை. இந்திய நேரத்தில் இதை எப்படிச் சமாளிப்பது?

பதில்: அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 7.05க்குத் தொடங்கும் ஆட்டம், அவர்களுடைய கோடை நேரக் கணக்கில், நமக்கு மறுநாள் விடியற்காலை 4.35. மேற்குக் கரையில் 7.10 என்றால் நமக்குக் காலை 7.40. ஆடும் வரிசைப் பட்டியலைக் கிளப்புகள் ஆட்டத்துக்கு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு முன் வெளியிடும். அதாவது நமக்கு நள்ளிரவு தாண்டி. அதற்காகக் கண் விழிக்க வேண்டாம். படுக்கப் போகுமுன் எதிரணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) யார், வலக்கையா இடக்கையா என்று பார்த்துவிட்டால் முக்கால் பங்கு தெரிந்துவிடும்; ஏன் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன். பிட்சர் பெயர்களை முந்தைய நாளே அறிவித்துவிடுகிறார்கள். மேற்குக் கரைக் கிளப்புகளின் ஆட்டக்காரர்கள் நமக்கு வசதியானவர்கள்: விடியற்காலை எழுந்து, பட்டியலைப் பார்த்து, மாற்ற வேண்டியதை மாற்ற நேரம் இருக்கும். சமமான இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் சான் டியாகோ, சியாட்டில் பக்கத்து ஆளை எடுங்கள் என்று காரைக்குடி வட்டாரத்து நண்பர்களுக்கு நான் எப்போதும் சொல்வதுண்டு.

காரைக்குடியிலிருந்து ஓர் உடற்கல்வி மாணவர்: இடக்கை ஆட்டக்காரர் ஒருவர் நான்கு நாள் ஆடுகிறார், ஐந்தாம் நாள் உட்கார்கிறார். இது தடுமாற்றத்துக்கான தண்டனையா, திட்டமா?

பதில்: பெரும்பாலும் திட்டம், தம்பி. இடக்கை ஆட்டக்காரருக்கு வலக்கை பிட்சரின் பந்து கையை விட்டுக் கிளம்பும்போதே நன்றாகத் தெரியும். இடக்கை பிட்சரின் பந்து முதுகுப் பக்கத்திலிருந்து கிளம்பி வந்து விலகிப் போவதால் சிரமம். ஆகவே இடக்கை பிட்சர் வரும் நாளில் அவரை உட்கார வைத்து வலக்கை ஆட்டக்காரரை இறக்குவார்கள். பிளாட்டூன் என்று பெயர். மேஜர் லீகில் பத்துக்கு ஏழு வாய்ப்புகள் வலக்கை பிட்சர்களுக்கு எதிராகவே வருவதால், இந்த ஜோடியில் இடக்கைக்காரருக்கே பெரிய பங்கு. ஜாக் பீடர்சன் டாட்ஜர்ஸில் பெரும்பாலும் இந்த முறையில்தான் ஆடினார். 2019இல் அவருக்கு 36 ஹோம் ரன்.

தண்டனையா திட்டமா என்று அறிய பாக்ஸ் ஸ்கோரை (ஆட்டத்தின் புள்ளிவிவரப் பட்டியல்) படிக்கப் பழகுங்கள். தொடக்கத்தில் இறங்கியவரின் பெயருக்குக் கீழே சற்று உள்தள்ளி இன்னொரு பெயர் அச்சாகியிருந்தால், அவர் பாதியில் மாற்றாக இறங்கியவர். ஏழாம் இன்னிங்ஸில் எதிரணி இடக்கை பிட்சரைக் கொண்டுவந்த உடனே உங்கள் ஆளை எடுத்துவிட்டார்கள் என்றால் அது பிளாட்டூன். வலக்கை பிட்சர் வந்த நாளிலேயே தொடக்கப் பட்டியலில் அவர் பெயர் இல்லை, அதுவும் ஒரே வாரத்தில் இருமுறை என்றால் கிளப்பின் நம்பிக்கை ஆடத் தொடங்கிவிட்டது. அப்போது மாற்று ஆளைத் தேடத் தொடங்குங்கள்.

நாள்தோறும் அணியை மாற்றக்கூடிய லீகில் பிளாட்டூன் ஆட்டக்காரர் நல்ல சரக்கு. அவர் உட்காரும் நாளில் நாமும் வேறொருவரை இறக்கிவிடலாம், பலவீனமான நாள்களின் எண்ணிக்கையும் நம் கணக்கில் சேராது. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் மாற்றும் லீகில் அவருடைய மதிப்பு பாதியாகக் குறையும்.

கண்டனூரிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் லீக் ஏலத்தில் என் மொத்தக் கற்பனைத் தொகை 260இல் 31 கொடுத்து ஓர் ஆட்டக்காரரை எடுத்தேன், அவர் அடிப்பதில்லை. இவ்வளவு கொடுத்துவிட்டு எப்படி விடுவது?

பதில்: கொடுத்த 31 திரும்பி வராது, ஐயா. அந்தக் காலத்துக் கிட்டங்கிக் கணக்கில் முதலை ஒரு பக்கமும் இனி வரக்கூடியதை ஒரு பக்கமும் எழுதிப் பார்த்ததைப்போல, நீங்களும் இன்று முதல் செப்டம்பர் வரை அவரால் என்ன வரும் என்பதை மட்டும் எழுதிப் பாருங்கள். ஆனால் அந்த 31 முற்றிலும் பொருளற்றது என்றும் நான் சொல்ல மாட்டேன். மார்ச் மாதத்தில் உங்கள் லீகில் பலரும் அவரை அந்த விலைக்கு மதித்தார்கள் என்பதற்கு அது சான்று. அந்த மதிப்பில் ஒரு பகுதி அவர்கள் மனத்தில் இன்னும் இருக்கும். ஆகவே வெறுமனே விட்டுவிடாமல், பரிமாற்றம் செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஸ்டோலன் பேஸ் தேவைப்படும் ஒருவரிடம் வேகமாக ஓடும் ஆட்டக்காரரைக் கொடுக்கலாம். சராசரியில் ஏற்கெனவே கடைசி இடத்தில் இருப்பவருக்கு 0.200 அடிப்பவரால் இழப்பதற்கு ஒன்றுமில்லை, ஹோம் ரன் மட்டும் போதும். ஒரே ஆட்டக்காரருக்கு உங்களிடம் ஒரு மதிப்பு, அவரிடம் இன்னொரு மதிப்பு.

பேரத்தை அவர் நன்றாக ஆடிய வாரத்தில் பேசுங்கள். மூன்று ஹோம் ரன் அடித்த வாரம் என்றால் கேட்பவர் காது கொடுப்பார்.

ஆத்தங்குடியிலிருந்து ஒரு வாசகர்: பணம் கட்டி ஆடும் செயலிகளில் இதை ஆடலாமா?

பதில்: வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் இதுவே. ஒரு சீசன் முழுவதும் பொறுமையோடு நடத்த வேண்டிய விளையாட்டு இது. அன்றன்றைக்குப் பணம் கட்டும்போது தடுமாறும் ஆட்டக்காரருக்குக் காத்திருக்கும் சுவையே போய்விடுகிறது, குடும்பமும் கெடுகிறது. உறவினரும் நண்பருமாகச் சேர்ந்து இலவசத் தளங்களில் ஆடுங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகி: புதிதாக மேஜர் லீகுக்கு வந்த இளைஞர் ஒருவரை என் மகள் எடுத்தாள். மூன்று வாரமாக அடி இல்லை. தோழிகள் கேலி செய்கிறார்களாம். என்ன சொல்லட்டும்?

பதில்: ஆச்சி, ஆரோன் ஜட்ஜின் முதல் ஆண்டைப் பற்றி மகளிடம் சொல்லுங்கள். 2016 ஆகஸ்டில் முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன் அடித்தார். ஆனால் அந்த ஆண்டு மொத்தம் 27 ஆட்டங்களில் 84 முறை மட்டை பிடித்து 42 ஸ்ட்ரைக்அவுட், சராசரி 0.179. சரிபாதி! அடுத்த ஆண்டு 52 ஹோம் ரன். மைக் ட்ரவுட் 2011இல் 40 ஆட்டங்களில் 0.220; 2012இல் 0.326, 30 ஹோம் ரன், 49 ஸ்டோலன் பேஸ். இன்னும் முன்னால் போனால், வில்லி மேஸ் 1951 மே மாதத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு வந்து முதல் 12 வாய்ப்புகளில் ஒரு ஹிட்கூட இல்லாமல் நின்றார். அவருடைய முதல் ஹிட், வாரன் ஸ்பான் என்ற பெரிய பிட்சரின் பந்தில் அடித்த ஹோம் ரன். அதற்குப் பிறகும் தடுமாறினார். மேலாளர் லியோ டுரோஷர் அவரை சென்டர் ஃபீல்டிலிருந்து எடுக்கவில்லை. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் அவர்தான். ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 660 ஹோம் ரன்.

இவர்கள் எல்லோரும் மிக அரியவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேலே நான் சொன்ன கெலெனிக்கும் இதே போன்ற எதிர்பார்ப்போடு 2021இல் வந்தவர்தான். அந்த ஆண்டு 0.181, அடுத்த ஆண்டு 0.141. தொடக்கத் தடுமாற்றத்தை வைத்து யார் மேஸ் ஆவார், யார் ஆகமாட்டார் என்று சொல்லிவிட முடியாது.

ஆகையால் மகள் இந்த ஆண்டோடு முடியும் லீகில் ஆடினால், அந்த இளைஞரைப் பெஞ்சுக்கு மாற்றிவிட்டு இன்னும் இரண்டு வாரம் பார்க்கட்டும். பெஞ்சில் இருக்கும்போது அவருடைய சராசரி அணியைத் தாக்காது. ஆளும் கையை விட்டுப் போகமாட்டார். அந்த இரண்டு வாரத்தில் ஸ்ட்ரைக்அவுட் குறைகிறதா, பந்தைப் பொறுத்திருந்து விட்டு நடந்தே முதல் பேஸுக்குப் போவது கூடுகிறதா என்று எண்ணச் சொல்லுங்கள். ஹிட் வருவதற்கு முன் இந்த இரண்டும்தான் மாறத் தொடங்கும். கூடவே, அவரிடத்தில் முன்பு ஆடிக்கொண்டிருந்தவர் காயத்திலிருந்து எப்போது திரும்புகிறார் என்ற தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளட்டும். அந்தத் தேதிக்கு நான்கைந்து நாள் முன்பே முடிவெடுத்துவிட வேண்டும். அன்றைக்குள் மட்டை பேசத் தொடங்கவில்லை என்றால் கிளப் யாரை மைனர் லீகுக்கு அனுப்பும் என்பதில் ஐயம் இல்லை.